கரையில் எட்டு ஜோடி ஷூ

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் எதை இழுப்பதாக இருந்தாலும் யாரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண மாட்டார்கள்.

“ரெண்டு… ஆறு… இழு!” என்றுதான் கத்துவார்கள்.

பெஞ்சு நகர்த்தவும் அதுதான். மழைக்காலத்தில் ஊதிப்போய் மூட மறுக்கும் கதவுக்கும் அதுதான். ஒருமுறை பள்ளி வாசல் சேற்றில் மாட்டிக்கொண்ட சத்துணவு அரிசி வண்டியை இப்படித்தான் வெளியே எடுத்தார்கள். வண்டிக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “அதெல்லாம் சரி பசங்களா, நடுவுல இருக்குற மூணு, நாலு, அஞ்சை எங்க விட்டீங்க?” என்று கேட்டார்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ரோஹிணி டீச்சர். சமூக அறிவியல் எடுப்பவர். அவருடைய சொந்த ஊர் தஞ்சாவூருக்கு மேற்கே இருக்கிறது. வீட்டைச் சுற்றி நெல்வயல், வாய்க்கால், மறுபடியும் நெல்வயல். பதினேழு வயதுவரை அவர் கடலையே பார்த்ததில்லை.

அந்த வயதில்தான் ‘ஆலா’ என்ற பாய்மரப் பயிற்சிக் கப்பலில் இருபத்து நான்கு பிள்ளைகளில் ஒருவராகப் பதினொரு நாள் போய்வந்தார். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். அவருடைய அப்பா மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “போய்ட்டு வா. ஆனா கப்பலைக் கரையோரமாவே ஓட்டச் சொல்லு” என்றாராம்.

அந்தக் கப்பலில் மாலுமிகள் சிலர்தான். பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, தளம் கழுவுவது, வெங்காயம் உரிப்பது எல்லாமே பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கயிறு இழுப்பதற்காகப் போடும் சத்தம்தான் அந்த ‘ரெண்டு, ஆறு’.

“ஏன் டீச்சர் ரெண்டு, ஆறு?” என்று பூமிகா ஒருநாள் கேட்டாள்.

“நானும் இதையேதான் கேப்டன்கிட்ட கேட்டேன்” என்றார் டீச்சர்.

“அவரு என்ன சொன்னாரு?”

“‘பேசாம கயித்தைப் பிடி’ன்னாரு.”

பூமிகாவின் அப்பா சிங்காரவேலு நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிப்பவர். அம்மா ஜெயா மீன் வியாபாரம் செய்பவர். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தான். அதனால் டீச்சர் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்த நாளில், பாதி வகுப்பு அவருக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தது.

டீச்சருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் பள்ளிப் பிள்ளைகளும் ‘ஆலா’வில் போக வேண்டும். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த ஏழு வருடமாக, ஒவ்வொரு ஜூன் மாதமும் கப்பல் நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு ஜூலையிலும் ‘இந்த ஆண்டு இடம் இல்லை’ என்று பதில் வரும்.

இந்த வருடம் வேறு மாதிரி பதில் வந்தது. டீச்சர் அதை வகுப்பில் நின்றபடியே படித்தார்.

“பிப்ரவரி மாதம் கப்பல் நாகப்பட்டினம் வருகிறது. உங்கள் மாணவர்கள் எட்டுப் பேரை ஒருநாள் பயணத்துக்கு அழைத்து வாருங்கள். அவர்களே பெரிய பாயை ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் நான்கு இடங்கள் தருவதா என்று கேப்டன் முடிவு செய்வார்.”

வகுப்பில் கூரை பறந்துவிடும்போல ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

*

அந்த நாளும் வந்தது. விடிகாலை ஐந்தரை மணிக்கே எட்டுப் பேரும் துறைமுகத்தில் நின்றார்கள். கடிதத்தில் ‘ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம்’ என்று போட்டிருந்ததால், எல்லோர் காலிலும் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூ. ரஞ்சித் தன்னுடைய ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு வந்திருந்தான். நடக்க நடக்க மாவு உதிர்ந்தது.

‘ஆலா’ துறை மேடையை ஒட்டி நின்றது. இரண்டு பாய்மரங்கள். எண்ண முடியாத கயிறுகள். எல்லோரும் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து பார்த்தார்கள்.

“சீக்கிரம், சீக்கிரம்!” என்று மேலேயிருந்து ஒரு மாலுமி கத்தினார். “ஏறின தண்ணி இறங்குறதுக்குள்ள முகத்துவாரத்தைத் தாண்டணும். மண்ணு தட்டிடும்!”

பூமிகா வரிசையில் முதல் ஆள். ஏறுபலகைக்கு முன்னால் வந்ததும் அவள் கால் தானாக நின்றது. குனிந்தாள். ஷூவைக் கழற்றினாள். ஜோடியாக ஓரத்தில் வைத்தாள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள்.

அவள் ஊரில் செருப்புக் காலோடு யாரும் படகில் ஏற மாட்டார்கள். படகு என்பது சாமி அறை மாதிரி. நடக்கப் பழகும் குழந்தைகூடப் படகைக் கண்டால் செருப்பை உதறிவிடும்.

பின்னால் வந்த ரஞ்சித்தும் கழற்றினான். அவனுக்குப் பின்னால் வந்த ஹஃப்ஸாவும் கழற்றினாள். இப்படியே ஒவ்வொருவராகக் கழற்றி, ஏறி, உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கயிறுகள் அவிழ்ந்தன. கப்பல் ஆற்றைத் தாண்டி, முகத்துவாரத்தைத் தாண்டி, கடலுக்குள் வந்தது. சூரியனும் அப்போதுதான் வந்தது.

கேப்டன் அஹமது கபீர் தளத்துக்கு வந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, பளபளவென்று கறுப்பு ஷூ. “எல்லாருக்கும் காலை வணக்கம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஷூ எங்க?”

எல்லோரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கரையைப் பார்த்தார்கள்.

“ஒருத்தன் மட்டும் ஒழுங்கா போட்டிருக்கான்” என்று கேப்டன் நவநீத்தைக் காட்டினார். நவநீத் கும்பகோணத்திலிருந்து அப்பாவின் வங்கி வேலை மாற்றத்தில் வந்தவன். “உனக்காவது விதி தெரிஞ்சிருக்கே தம்பி.”

“இல்ல சார்” என்றான் நவநீத். “நானும் கழட்டத்தான் பார்த்தேன். டீச்சர் சொல்லிக்குடுத்த முடிச்சை லேஸ்ல போட்டுட்டேன். அவிழவே இல்ல.”

கேப்டன் ரோஹிணி டீச்சரிடம் திரும்பினார். “என்னங்க டீச்சர் இது? நீங்களே இந்தக் கப்பல்ல பயிற்சி எடுத்தவங்க. சொல்லிக் கூட்டிட்டு வரக்கூடாதா?”

டீச்சர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால்களிலும் ஷூ இல்லை.

“ஏழு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன் சார்” என்றார் டீச்சர், காதுவரை சிவந்து. “கால் அதுவா கழட்டிடுச்சு.”

கேப்டன் கோபக்காரர் இல்லை. தன் வலது ஷூவைக் கழற்றிக் கட்டைவிரலைக் காட்டினார். அது கோணலாக, நகமே இல்லாமல் இருந்தது.

“பத்தொன்பது வயசுல வெறுங்காலோட கயிறு இழுத்தேன். கயித்துக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவுல விரல் மாட்டிச்சு. அதனால என் கப்பல்ல ஷூ இல்லாதவங்க கயித்தைத் தொடக்கூடாது. ஒம்பதரை மணிக்குப் பாய் ஏத்தணும். அதுக்கு மேல காத்துத் திரும்பிடும். மாலுமிங்க ஏத்துவாங்க. நீங்க உட்கார்ந்து பாருங்க.”

“திரும்பிப்போய் எடுத்துட்டு வரலாமா சார்?” என்று ஹஃப்ஸா கேட்டாள்.

“சாயந்தரம் தண்ணி ஏறினாத்தான்மா இந்தக் கப்பல் உள்ள போக முடியும்.”

அவர் பதிவேட்டைத் திறந்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘பயிற்சியாளர்கள்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ‘பார்வையாளர்கள்’ என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். பிறகு ஏனோ எழுதாமல் மூடினார். “ஒம்பதரைக்கு எழுதிக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சுக்கான் பக்கம் போனார்.

*

பூமிகா டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

“முதல்ல கழட்டினது நான்தான் டீச்சர்.”

“கடைசியா கழட்டினது நான்” என்றார் டீச்சர். “விடும்மா. கடல் எவ்ளோ அழகா இருக்கு பாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருடைய சாவிக்கொத்தில் ஒரு பழைய கயிற்றுத் துண்டு தொங்கும். பதினேழு வயதில் அவர் இழுத்த கயிற்றில் வெட்டிக் கொடுத்தது. அதை அவர் விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஏழு கடிதங்கள் எழுதிய விரல் அது. பூமிகா அதைப் பார்த்தாள்.

“டீச்சர், உங்க போன் கொஞ்சம் தர்றீங்களா?”

அப்பா இந்நேரம் கரைக்குத் திரும்பியிருப்பார். மூன்றாவது முறை மணி அடித்ததும் போனை எடுத்தார். பின்னால் மீன் ஏலம் போடும் சத்தம் காதைப் பிளந்தது.

“அப்பா, நான் பூமிகா.”

“என்னடி இது! எப்பவும் நான்தான் கடல்லேர்ந்து வீட்டுக்குப் பேசுவேன். இன்னிக்கு நீ பேசுறியா? அலை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குப்பா. எங்க ஷூவை எல்லாம் கரையிலயே விட்டுட்டு வந்துட்டோம்.”

“ஆமா. பின்ன, போட்டுக்கிட்டா ஏறுவாங்க?”

“இந்தக் கப்பல்ல போட்டுக்கிட்டுத்தான் ஏறணுமாம்ப்பா. இல்லன்னா பாய் ஏத்த விட மாட்டாங்களாம். நீங்க கொஞ்சம் கொண்டுவந்து குடுங்கப்பா. எட்டு ஜோடி.”

“அதுக்கென்ன, இந்தா வர்றேன்” என்ற அப்பா சட்டென்று நிறுத்தினார். “இரு, இரு. எதுல கொண்டுவர்றது?”

“நம்ம ஃபைபர் போட்டுலதான்.”

“அது எப்படிம்மா?” என்றார் அப்பா, குரலை இறக்கி. “போட்டு வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இன்னி வரைக்கும் ஒரு ரப்பர் செருப்பு ஏறினதில்ல. எட்டு ஜோடியைத் தூக்கி நடுவுல வைக்கச் சொல்றியா? எனக்கு மனசு வராதும்மா.”

பூமிகா வாதாடவில்லை. அப்பா சொல்வது அவளுக்குப் புரிந்தது. அவள் காலே அப்படித்தானே செய்தது! கேப்டன் சொல்வதும் புரிந்தது. அந்தக் கோணல் விரல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கப்பலில் ஷூ இல்லாமல் ஆகாது. படகில் ஷூ ஏறவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதோ வெறும் கடல்.

அவள் கடலைப் பார்த்தாள். ‘ஆலா’வின் பின்னால், ஒரு கயிற்றின் நுனியில், கப்பலுடைய சின்னத் துடுப்புப் படகு தாய்க்கோழிக்குப் பின்னால் போகும் குஞ்சு மாதிரி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

“அப்பா! ஐஸ் பெட்டி இருக்கா?”

“இருக்கு.”

“மூடியோடவா?”

“மூடியோடதான். ஏன்?”

“ஷூவை எல்லாம் அதுல போட்டு மூடி, வலைக்கயித்தால இறுக்கிக் கட்டுங்க. பெட்டியைத் தண்ணியில விட்டு, போட்டுக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டு வாங்க. ஷூ போட்டுல ஏறாது. கடல்ல மெதந்துக்கிட்டுத்தான் வரும்.”

அந்தப் பக்கம் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். ஏலம் போடுகிறவர்கள் யாரோ, “என்னண்ணே?” என்று கேட்பதும் காதில் விழுந்தது.

“அப்படியே உங்கம்மா மூளைடி உனக்கு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

*

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குத் தூரத்தில் ஒரு நீலப்புள்ளி தெரிந்தது.

“மாமா வர்றாரு!” என்று கத்திய ரஞ்சித், கொஞ்சநேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “என்ன பூமிகா, உங்கப்பா ஆமை மாதிரி வர்றாரு?”

“வேகமா வந்தா பெட்டி கவுந்துடும்டா.”

ஒன்பது பத்து. புள்ளி கொஞ்சம் பெரிதானது. ஒன்பது பதினைந்து. இன்னும் கொஞ்சம். நவநீத் தன் கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கு இரண்டு தடவை பார்த்தான். மாலுமிகள் எழுந்து கயிறுகளின் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

பூமிகா நேராகக் கேப்டனிடம் போனாள். அவர் கண்ணில் தொலைநோக்கி இருந்தது.

“அந்தப் படகுக்குப் பின்னாடி வெள்ளையா என்னமோ வருதே, என்ன அது?” என்று அவரே கேட்டார்.

“எங்க ஷூ சார்.”

“ஷூவா? ஏன், படகுக்குள்ள இடம் இல்லையா?”

“இடம் நிறைய இருக்கு சார். ஆனா செருப்பு, ஷூ எதையும் எங்க போட்டுல ஏத்த மாட்டோம். அதான் பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டு வர்றாரு. பெட்டி கவுந்துடக்கூடாதுன்னு மெதுவா வர்றாரு. நாம கொஞ்சம் கிட்டப் போகலாமா சார்?”

கேப்டன் தொலைநோக்கியை இறக்கினார். பூமிகாவின் வெறுங்காலைப் பார்த்தார். அந்த நீலப் படகைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

“சுக்கானைத் திருப்பு!” என்று மாலுமியிடம் சொன்னார். “அந்தப் படகுகிட்ட போ.”

ஒன்பது இருபத்தைந்துக்குச் சிங்காரவேலுவின் படகு கப்பலை ஒட்டி வந்தது. அவர் வீசிய கயிற்றை ஒரு மாலுமி எட்டிப் பிடித்தார். பெட்டியை மேலே தூக்கத் தோதாக அதன் மறுநுனியில் முடிச்சும் போட்டிருந்தார். பிள்ளைகளில் ஷூ போட்டிருந்த ஒரே ஆளான நவநீத்தும் இரண்டு மாலுமிகளும் கயிற்றைப் பிடித்தார்கள். மற்றவர்கள் கயிற்றைத் தொடாமல் தொண்டையால் உதவினார்கள்.

“ரெண்டு… ஆறு… இழு!”

தெர்மோகோல் பெட்டிக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. அது குருவி மாதிரி பறந்து வந்து நவநீத்தின் மடியில் விழ, நவநீத் மாலுமியின் மடியில் விழுந்தான்.

மூடியைத் திறந்தார்கள். எட்டு ஜோடி ஷூ. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் வாசனை வந்தது பாருங்கள்! மூன்று வருடமாக மத்தி மீன் குடியிருந்த பெட்டி அது.

“என் சாக்பீஸ் ஷூ!” என்று ரஞ்சித் மூக்கைப் பிடித்துக்கொண்டே கத்தினான்.

கீழேயிருந்து சிங்காரவேலு ஒரு தூக்குவாளியை நீட்டினார். “ஜெயா குடுத்துவிட்டா. வறுத்த மீனு. இது போட்டுலயே ஏறி வந்ததுதான்” என்று கேப்டனைப் பார்த்துச் சிரித்தார். “அப்புறம் டீச்சர், மன்னிச்சுக்குங்க. நான் போறதுக்குள்ள ஒரு நாய் உங்க லேஸைத் தின்னுடுச்சு.”

டீச்சரின் இடது ஷூ வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பூமிகா ஐஸ் பெட்டியைக் கட்டியிருந்த வலைக்கயிற்றை எடுத்து, மாலுமியிடம் கத்தி வாங்கி ஒரு முழம் வெட்டினாள். டீச்சர் “நானே கட்டிக்கிறேன்” என்று சொல்வதற்குள் கட்டியும் முடித்துவிட்டாள்.

“ஒம்பது இருபத்தொம்பது!” என்று நவநீத் கத்தினான்.

ஒன்பது பேரும் பெரிய பாயின் கயிற்றை வரிசையாகப் பிடித்தார்கள். முன்னால் ரோஹிணி டீச்சர். அவர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

“ரெண்டு…”

கயிறு விறைத்தது.

“ஆறு…”

“இழு!”

மடித்து வைத்த பாய் நகர்ந்தது. மறுபடி. மறுபடி. உள்ளங்கை எரிந்தது, தோள் வலித்தது, யாருடைய ஷூவோ யாருடைய ஷூவையோ மிதித்தது. வெள்ளைப் பாய் மேலே, இன்னும் மேலே ஏறிப் பாய்மரத்தின் உச்சியைத் தொட்டது. காற்று அதற்குள் புகுந்ததும் பாய் ‘படார்’ என்று வயிறு புடைத்து நின்றது. கப்பல் ஒருபக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது. கேப்டன் கையைக் காட்டினார். இன்ஜின் நின்றது.

திடீரென்று எந்தச் சத்தமும் இல்லை. தண்ணீர் மட்டும் சளசளவென்று பேசியது.

கேப்டன் பதிவேட்டைத் திறந்தார். ‘பயிற்சியாளர்கள்’ என்ற கட்டத்தில் எழுதினார். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க சார். பிள்ளைங்க எட்டுப் பேர்தான்.”

“நீங்க இழுக்கலையா?” என்றார் கேப்டன். “வருஷத்துக்கு நாலு இடம்னு கீழ எழுதியிருக்கேன். அதையும் சரிபார்த்துக்குங்க.”

டீச்சர் சரிபார்க்கவில்லை. காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் பிள்ளைகள் போட்ட சத்தத்தில், கப்பலுக்கு மேலே பறந்த நாலைந்து கடற்பறவைகள் வழியை மாற்றிக்கொண்டன.

*

மாலையில் தண்ணீர் ஏறியதும் ‘ஆலா’ துறைக்குத் திரும்பியது. சிங்காரவேலு தன் படகைப் பக்கத்தில் கட்டிவிட்டு மகளுக்காகக் காத்திருந்தார். படகின் முன்மூக்கில், நெற்றியில் வைப்பது மாதிரி, மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது.

கேப்டன் எல்லோருக்கும் பின்னால் இறங்கி வந்தார். காலித் தூக்குவாளி அவர் கையில் இருந்தது.

“மீன் பிரமாதம்ங்க” என்றார். “உங்க படகைக் கொஞ்சம் பார்க்கலாமா? ஏறிப் பார்க்கணும்னு ஆசை.”

“தாராளமா வாங்க சார்.”

கேப்டன் படகின் விளிம்புவரை போனார். ஒரு காலைத் தூக்கினார். அப்படியே நின்றார். தூக்கிய காலைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, அந்தப் பளபளக்கும் கறுப்பு ஷூவின் லேஸ்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

சிங்காரவேலு கையை நீட்டினார். கோணல் விரல் கால் முதலில் படகில் பட்டது.

துறை மேடையில், மீன்கூடைகளுக்குப் பின்னால், ஒரு பழுப்பு நாய் மெல்ல எழுந்து சோம்பல் முறித்தது. அதன் வாயோரத்தில் இன்னும் ஒரு துண்டு வெள்ளை லேஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

பூமிகா ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் கேப்டனின் ஷூவை எடுத்து, கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டாள்.

“நீங்க மெதுவா பார்த்துட்டு வாங்க சார்” என்றாள். “இதை நான் பார்த்துக்கிறேன்.”